கடையின் மடை யார் கையில்?

இணையத்தில் கடை போடுவது பற்றி நம் குழுக்களில் இப்போது பேச்சு அதிகம். கூட்டம் கூடினால் கடைக்கு என்ன பெயர் வைப்பது, சின்னம் எப்படி இருக்கணும், படம் யார் எடுப்பது, துணிப்பையா காகிதப்பையா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். எல்லாம் வேண்டிய பேச்சுதான். ஆனால் அந்தக் கடைக்குள்ளே 'செட்டிங்' என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அதெல்லாம் கம்ப்யூட்டர் தம்பி பாத்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறோம்.

என் கருத்து இதற்கு நேர் எதிர். பெயரையும் சின்னத்தையும் தம்பியிடம் விட்டாலும் விடலாம். செட்டிங்கை விடக்கூடாது. விலை யாருக்கு எவ்வளவு, பார்சல் கூலி யார் தலையில், வாடிக்கையாளர் கட்டும் பணம் எந்த வங்கிக் கணக்குக்கு என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் முடிவாகிறது. பல குழுக்கள் சேர்ந்து ஒரே மென்பொருளில் கடை நடத்தும்போது இன்னொரு கேள்வியும் வருகிறது. இந்த செட்டிங் எல்லோருக்கும் பொதுவா, ஒரு கடைக்கு மட்டுமா? பார்க்கச் சின்னக் கேள்வி. ஆனால் ஒரு கூட்டமைப்புக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

நான் நாலு ஏக்கரில் நெல்லும் உளுந்தும் போடுகிறவன். நிலத்துக்குத் திரும்பும் முன் சில ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்தவன். எங்கள் பகுதியில் மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு இணையக்கடை நடத்துகின்றன. நிறுவிக் கொடுத்தது நகரத்து நிறுவனம் ஒன்று. ஓராண்டு கழித்து, பின்பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மென்பொருளுக்குள் ஓர் ஏரி

எங்கள் கடை ஓடுவது மஜென்டோ என்ற மென்பொருளில். 2008-இல் முதல் பதிப்பு வந்தது. 2018-இல் அடோபி நிறுவனம் அதை வாங்கியது. ஆனாலும் யாரும் இலவசமாக எடுத்து, உள்ளே உள்ள நிரலைப் பார்த்து, தங்கள் சர்வரில் வைத்து நடத்தக்கூடிய திறமூலப் பதிப்பு இன்றும் இருக்கிறது. ஒரே நிறுவலில் பல கடைகளை நடத்தலாம் என்பது இதன் சிறப்பு. கூட்டமைப்புகளுக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் காரணமும் இதுதான்.

இதில் செட்டிங் வைக்க மூன்று மட்டங்கள் உண்டு. மேலே 'டீஃபால்ட்'. அது எல்லாக் கடைக்கும் பொது. அதற்குக் கீழே 'வெப்சைட்'. கடைசியில் 'ஸ்டோர் வியூ'. வெப்சைட்டுக்கும் ஸ்டோர் வியூவுக்கும் நடுவில் 'ஸ்டோர்' என்று ஒன்று இருக்கிறது. அது பொருள் வகைகளைப் பிரித்து அடுக்குவதற்கு. இந்தப் பேச்சுக்கு அது வேண்டாம்.

ஏரிப்பாசனம் தெரிந்த நமக்கு இது புதிதே இல்லை. ஏரிக்கு ஒரு மதகு. மதகிலிருந்து வாய்க்கால். வாய்க்காலிலிருந்து வயலுக்கு வாமடை. என் வயலுக்கு வாமடை இருந்து அதை நான் மண் வைத்து அடைத்திருந்தால், மேலே எவ்வளவு தண்ணீர் வந்தாலும் என் பயிர் மூழ்காது. வாமடையைக் கவனிக்காமல் திறந்தே போட்டிருந்தால், மதகில் என்ன முடிவு செய்கிறார்களோ அதுதான் என் வயலுக்கும்.

மஜென்டோவிலும் அப்படித்தான். ஒரு கடைக்கென்று தனி மதிப்பு வைத்திருந்தால் அது செல்லும். வைக்காவிட்டால் ஒரு மட்டம் மேலே போய்ப் பார்க்கும். அங்கேயும் இல்லையென்றால் டீஃபால்ட். அங்கேயும் யாரும் எதையும் மாற்றவில்லையென்றால் மென்பொருளோடு பிறந்த மதிப்பு. நிறுவும்போது வேறு சொல்லாவிட்டால் பணம் டாலர், மொழி அமெரிக்க ஆங்கிலம், நேரம் லாஸ் ஏஞ்சலஸ் நேரம். எடை பவுண்டா கிலோவா என்பதைக்கூட ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். காவிரிக் கரையில் இருக்கும் கடைக்கு லாஸ் ஏஞ்சலஸ் நேரம் என்றால் சிரிப்பு வரும். ஆனால் நாம் முடிவு செய்யாத ஒவ்வொன்றையும் யாரோ எங்கோ முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? தரவுத்தளத்தில் ஒரே ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் எந்த மட்டம், எந்தக் கடையின் எண், செட்டிங்கின் பெயர், அதன் மதிப்பு. அவ்வளவுதான். உங்கள் குழுவின் எண்ணுக்கு நேரே ஒரு வரி இருந்தால் அந்த விஷயத்தில் உங்கள் பேச்சு செல்லும். வரி இல்லையென்றால் மேலே இருப்பவர் பேச்சு.

கட்டளை போடும் கருவி

செட்டிங்கைத் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தும் மாற்றலாம். ஆனால் கடை மூன்று, நான்கு என்று பெருகும்போது மென்பொருள்காரர்கள் திரைக்கே வருவதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டிவிடுவார்கள். மஜென்டோவுக்குள்ளேயே 'கான்ஃபிக் செட்' என்ற கட்டளை இருக்கிறது. ஜெர்மனியின் நெட்ஸ்98 நிறுவனத்தார் எழுதி இலவசமாக வெளியிட்ட 'என்98 மேஜ்ரன்' என்ற கருவித் தொகுப்பில் 'கான்ஃபிக் ஸ்டோர் செட்' என்று இதே வேலைக்கு ஒன்று இருக்கிறது.

கட்டளையை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "வெப்சைட் மட்டத்தில், மலைக் குழுவின் கடைக்கு, இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகையை 2,000 ரூபாய் ஆக்கு." இதில் மூன்று பகுதி இருக்கிறது. எந்த மட்டம், எந்தக் கடை, எந்த செட்டிங்குக்கு என்ன மதிப்பு.

நல்ல கருவிதான். பத்துப் பக்கம் திறந்து பத்து முறை அழுத்த வேண்டியதை ஒரு வரியில் முடித்துவிடும். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், சர்வர் படுத்துவிட்டாலும் கடையை அதே செட்டிங்கோடு திரும்ப எழுப்பலாம். என்ன மாற்றினோம் என்பதற்கு அந்தக் கோப்பே சாட்சியாகவும் இருக்கும். கருவியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஆனால் கருவியின் ஒரு குணத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டளையில் மட்டத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அது "எந்த மட்டம்?" என்று திருப்பிக் கேட்காது. நேராக டீஃபால்ட்டில் போய் எழுதிவிடும். நான் சொன்ன இரண்டு கருவியுமே அப்படித்தான். சொல்லாமல் விட்டது எல்லாருக்கும் பொதுவாகிவிடும். தனி மதிப்பு வைத்திருக்கிற கடை தப்பிக்கும். வைக்காத கடைக்கு அன்றிலிருந்து புதுச் சட்டம். அந்தக் கடைக்காரருக்குக் கடிதமும் வராது, போனும் வராது.

ஒரு பொங்கல் சலுகை செய்த வேலை

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று குழுக்களில் ஒன்று நகரத்தில் அங்காடி வைத்திருக்கிறது. ஒன்று டெல்டாவில் நெல். மூன்றாவது மலைப்பகுதியில் காய்கறியும் கிழங்கும் மிளகும். பொங்கலுக்கு முன் நகர அங்காடிக்காரர்கள், "500 ரூபாய்க்கு மேல வாங்குனா டெலிவரி இலவசம்னு வைங்க" என்று நிறுவனத்திடம் கேட்டார்கள். அவர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் பக்கத்துத் தெருக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

நிறுவனத்தார் அதை மேல்மட்டத்தில் வைத்துவிட்டார்கள். டெல்டாக் குழு ஏற்கெனவே தனித்தொகை வைத்திருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைக் குழுவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் மூட்டையைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து பார்சலில் போடுகிறவர்கள். உருளையும் கேரட்டும் எடை அதிகம், விலை குறைவு. 500 ரூபாய்க்கு வாங்கிய ஒவ்வொருவருக்கும் கூலியைக் குழுவே கட்டியது. தை பிறந்து கணக்குப் பார்க்கும்போதுதான் அவர்கள் கணக்காளர் அக்கா பிடித்தார். "விற்பனை கூடியிருக்கு, கையில காசு குறைஞ்சிருக்கு. இது எப்படிங்க?" என்று கேட்டார்.

நிறுவனத்திடம் கேட்டோம். "எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி இருந்தா நிர்வாகம் சுலபம்தானே சார்" என்று பதில் வந்தது. அவர்கள் பார்வையில் அது தவறே இல்லை. யாருக்குச் சுலபம் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். மேலே இருந்து பார்ப்பவருக்கு மூன்று கடையும் அட்டவணையில் மூன்று எண். கீழே இருப்பவருக்கு ஒவ்வொரு கடையும் ஒரு மண், ஒரு விளைச்சல், ஒரு பேருந்துத் தடம்.

பெரிய நிறுவனங்களின் விற்பனைத் தளங்களில் பொருள் போட்டவர்களுக்கு இந்த வலி புதிதில்லை. கமிஷன் எவ்வளவு, திருப்பி அனுப்பினால் யார் கூலி, பணம் எத்தனை நாளில் வரும், நம் பொருள் முதல் பக்கமா பத்தாம் பக்கமா என்பதெல்லாம் அங்கே மேலேயே முடிந்துவிடும். அதிலிருந்து விலகத்தான் சொந்தக் கடை போடுகிறோம். சொந்தக் கடையிலும் அதே மாதிரி ஒரு மேல்மட்டத்தை நாமே உண்டாக்கி, அதன் சாவியை வெளியாளிடம் கொடுத்துவிட்டால் விலகி என்ன பயன்?

எது பொது, எது தனி

எல்லாமே தனித்தனியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கு மதகு வேண்டும், கரை வேண்டும். ஆனால் எதை மதகில் வைப்பது, எதை வாமடையில் வைப்பது என்பதைக் குழுக்கள் கூடிப் பேச வேண்டும். என் கணக்கு இது.

சட்டம் கேட்பது பொதுவில் இருக்கட்டும். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறைதீர் அலுவலர் ஒருவரைக் கேட்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொதியிட்ட பொருளுக்கு நிகர எடை, அதிகபட்ச விலை போன்ற விவரங்களை இணையத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. இதையெல்லாம் குழுவுக்குக் குழு மாற்றி வைத்தால் ஒருவர் செய்யும் தவறு எல்லோர் தலையிலும் விடியும். பாதுகாப்பு, காப்புநகல், வாடிக்கையாளர் விவரங்களை எப்படி வைத்திருப்பது என்பவையும் பொதுவில் இருக்க வேண்டியவை.

பணம் தனியாக இருக்க வேண்டும். மஜென்டோவில் 'வங்கிப் பரிமாற்றம்' என்று ஒரு செலுத்தும் முறை இருக்கிறது. அதற்கு ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. கணக்கு எண்ணை அதில்தான் எழுதுவோம். மேல்மட்டத்தில் மட்டும் எழுதிவிட்டால் எல்லாக் கடை வாடிக்கையாளருக்கும் அந்த ஒரே கணக்கு எண்தான் தெரியும். மூன்று குழுவின் பணமும் ஓரிடத்தில் சேரும். அப்புறம் பிரித்துத் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டும். கூட்டுறவுகளில் மனக்கசப்பு எங்கே தொடங்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அவரவர் விளைச்சலுக்கான பணம் அவரவர் கணக்குக்கு நேரே போகட்டும். பொதுச் செலவுக்கான பங்கை அங்கிருந்து கொடுக்கலாம்.

விலை தனியாக இருக்க வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மஜென்டோவில் விலையை எல்லாக் கடைக்கும் ஒன்றாக வைப்பதா, வெப்சைட்டுக்கு வெப்சைட் வேறாக வைப்பதா என்பதே ஒரு செட்டிங். யாரும் தொடாவிட்டால் அது 'எல்லாருக்கும் ஒன்று' என்றுதான் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஒரு கிலோ என்று ஒரு பொருளை ஒருமுறை ஏற்றி மூன்று கடையிலும் விற்றால் மூன்றிலும் ஒரே விலை. விளைந்த இடத்தில் விற்பவருக்கும் வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுபோய் விற்பவருக்கும் அது எப்படிப் பொருந்தும்? விலையை நாம் வைக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டு பேசுகிற நாம், இந்த ஒரு செட்டிங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கலாமா?

டெலிவரியும் தனியாக இருக்க வேண்டும். எந்த ஊருக்கு அனுப்புவது, எத்தனை கிலோவுக்கு என்ன கூலி, குறைந்தது எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்பதை அந்தந்தக் குழு முடிவு செய்யட்டும். எடையையும் ஊரையும் வைத்துக் கூலி அட்டவணை ஒன்றை ஏற்றும் வசதி மஜென்டோவிலேயே இருக்கிறது. அந்த அட்டவணையை வெப்சைட் மட்டத்தில்தான் ஏற்ற முடியும். நமக்கு அது நல்லதுதான்.

சான்று நிலை கட்டாயம் தனியாக இருக்க வேண்டும். பிஜிஎஸ் இந்தியா முறையில் மாறும் காலத்தில் இருப்பவருக்கு 'பிஜிஎஸ் கிரீன்', முழுமையாக மாறியவருக்கு 'பிஜிஎஸ் ஆர்கானிக்' என்று இரண்டு நிலை இருப்பது நமக்குத் தெரியும். பொதுவில் 'ஆர்கானிக்' என்று ஒரு முத்திரையை வைத்துவிட்டால், இரண்டாம் ஆண்டில் இருக்கும் உழவரின் பொருளும் அதே முத்திரையோடு போகும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடை சொல்லிவிட்டது. வாங்குபவர் நம்மிடம் வருவதே நம்பிக்கையை வைத்துத்தான். அதை ஒரு செட்டிங் கெடுத்துவிடக் கூடாது.

வரியைப் பற்றியும் ஒரு சொல். காய்கறி, கீரைக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்கூட்டியே பொதியிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரையிலான பொதிகளில் 2022 ஜூலை 18 முதல் 5% வரி வந்தது. புதிதாக ஏற்றும் பொருளுக்குத் தானாக எந்த வரி வகை விழ வேண்டும் என்பதற்கும் பொதுவில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் கீரைக்கட்டு வரி வகையில் போய் உட்காரும். தணிக்கையாளரை ஒருமுறை கூட்டத்துக்கே அழைத்து, பொருள் பட்டியலை வரிவரியாகப் பார்ப்பது நல்லது.

வாமடையே இல்லாத வயல்

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கடையைக் கட்டும்போதே வருவது.

விலையும் டெலிவரிக் கூலியும் வெப்சைட் மட்டத்தோடு நின்றுவிடும். பணம் செலுத்தும் முறைகளின் செட்டிங்கும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்குக் கீழே உள்ள ஸ்டோர் வியூ மட்டத்தில் இவற்றை முழுமையாகப் பிரிக்க முடியாது. ஸ்டோர் வியூ பெரும்பாலும் மொழிக்கானது. ஒரே கடையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுவதற்கு. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைக்கும் நிறுவனங்கள், ஒரே வெப்சைட்டை உண்டாக்கி அதன் கீழே குழுக்களை ஸ்டோர் வியூக்களாக வைத்துவிடுவது உண்டு. முன்பக்கம் பார்த்தால் மூன்று கடை போலவே இருக்கும். பேர் தனி, படம் தனி. உள்ளே விலையும் கூலியும் ஒன்றுதான். அந்தக் குழு பின்னால் எவ்வளவு கேட்டாலும் அதற்கு வாமடை கிடையாது. முதலிலேயே வைக்கவில்லை.

அதனால் கடை கட்டும் முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "எங்கள் ஒவ்வொரு குழுவும் தனி வெப்சைட்டா, வெறும் ஸ்டோர் வியூவா?" இதைக் கேட்க மென்பொருள் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில விஷயங்களை மென்பொருளே பொதுவில்தான் வைத்திருக்கிறது. இருப்பு தீர்ந்த பிறகும் ஆர்டர் எடுக்கலாமா என்பதற்கான பொது செட்டிங் அப்படி ஒன்று. அதைக் கடைவாரியாக மாற்ற முடியாது. பொருள்வாரியாக மாற்றலாம். வாரத்துக்கு இத்தனை கட்டுக் கீரை என்று கணக்கு வைத்திருப்பவர் தன் கீரைக்குத் தனியாக 'இருப்பு முடிந்தால் நிறுத்து' என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே கதவு இருக்கிறது, எங்கே சுவர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சுற்றிப் போகும் வழியும் தெரியும்.

எதிர்வாதங்கள்

"உழவருக்கு எதுக்குய்யா கறுப்புத் திரை?" என்று கேட்பவர்கள் உண்டு. உழவர் எல்லோரும் கட்டளை தட்டப் பழக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஏரி மதகை எல்லோருமா திறக்கிறோம்? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. அவர்தான் திறப்பார். ஆனால் எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது ஊர்க்கூட்டத்தின் முடிவு. அவருக்கு ஊர் நெல் அளந்தது கை வேலைக்கு. முடிவு ஊரிடம்தான் இருந்தது. மென்பொருள் நிறுவனமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"ஆளாளுக்கு ஒன்று வைத்தால் வாங்குபவர் குழம்பிப் போவார்" என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சிலவற்றைப் பொதுவில் வைத்துப் பூட்டவும் சொல்கிறேன். மஜென்டோவின் கட்டளையிலேயே பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டிய செட்டிங் நிர்வாகத் திரையில் மங்கலாகத் தெரியும், யாராலும் அங்கே மாற்ற முடியாது. குறைதீர் அலுவலர் பெயர் போன்றவற்றைப் பூட்டலாம். ஆனால் எதைப் பூட்டுவது என்ற பட்டியல் கூட்டத்தில் கையெழுத்தாக வேண்டும். மூன்று குழுவும் ஒப்புக்கொள்ளாத பூட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"இவ்வளவு பெரிய மென்பொருள் நமக்குத் தேவையா?" என்பது மூன்றாவது. பலருக்குத் தேவையில்லை என்பதே என் பதில். மஜென்டோ கனமான மென்பொருள். நல்ல சர்வர் வேண்டும். 2020-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து தேடலுக்கென்று தனி மென்பொருளும் கூடவே ஓட வேண்டும். மாதாமாதம் செலவு. இரண்டு ஏக்கரில் விளைவதை ஐம்பது குடும்பத்துக்குக் கொடுப்பவருக்கு ஒரு வாட்ஸ்அப் பட்டியலும் ஒரு நோட்டும் போதும். பல குழுக்கள் சேரும்போதுதான் மட்டங்கள் உள்ள மென்பொருளுக்கு வேலை. எந்த மென்பொருளாக இருந்தாலும் கேள்வி மாறாது. பொது எது, தனி எது, மாற்றும் உரிமை யாருக்கு?

குழுக்கள் செய்ய வேண்டியவை

எங்கள் மூன்று குழுக்களும் கூடிப் பேசி எழுதிவைத்த ஒழுங்கு கீழே இருக்கிறது. உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. இணைய முகவரி, சர்வர், நிர்வாகக் கடவுச்சொல் மூன்றும் குழுக்களின் பெயரில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்குத் தனி நுழைவு கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அதை மூட வேண்டும்.

2. செட்டிங் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். சாதாரண நீளநோட்டே போதும். தேதி, செட்டிங், எந்த மட்டம், எந்தக் கடை, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது.

3. மட்டம் குறிப்பிடாத கட்டளை ஒன்றுகூட ஓடக்கூடாது. பொதுவில்தான் மாற்றப் போகிறோம் என்றாலும் 'பொது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டே மாற்ற வேண்டும்.

4. மாற்றுவதற்கு முன் இப்போதைய மதிப்பைப் பார்க்க வேண்டும். அதற்கும் 'கான்ஃபிக் ஷோ' என்று கட்டளை இருக்கிறது. பொதுவில் ஒன்றை மாற்றினால் எந்தெந்தக் கடை அதைப் பின்பற்றும், எது தன் சொந்த மதிப்பில் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

5. பணம், விலை, டெலிவரி மூன்றுக்கும் ஒவ்வொரு கடையிலும் சொந்த மதிப்பு இருக்க வேண்டும். இன்று பொது மதிப்பும் உங்கள் மதிப்பும் ஒன்றாகவே இருந்தாலும் உங்கள் வரியைத் தனியாக எழுதி வையுங்கள். நாளைக்கு மேலே மாறினால் அந்த வரிதான் உங்களைக் காக்கும்.

6. முதலில் ஒத்திகைக் கடையில் மாற்றிப் பார்க்க வேண்டும். உண்மைக் கடையில் மாற்றிய பின் கேஷைத் துடைத்துவிட்டு, மூன்று கடையிலும் ஆளுக்கொரு ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். கூலி சரியா, கணக்கு எண் சரியா, முத்திரை சரியா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

7. ஆண்டுக்கு இருமுறை, ஆடிக்கு முன்பும் தைக்கு முன்பும், பொது செட்டிங் பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். புரியாத வரி வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். விளங்கும்படி சொல்ல முடியாத செட்டிங் பொதுவில் இருக்கக் கூடாது.

இந்த ஏழாவதைச் செய்தபோது எங்கள் கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் நீண்டது. சிலர் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் மலைக் குழுவிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் ஒவ்வொரு வரிக்கும், "இது எங்களுக்கும் சேர்த்தா, அவங்களுக்கு மட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மென்பொருளில் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. கேட்ட கேள்வி மட்டும் சரியான கேள்வி.

அந்தக் கேள்வியை எல்லாக் குழுக்களும் கேட்கத் தொடங்க வேண்டும். கடை திறந்துவிட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கடையின் செட்டிங் பட்டியலை அச்செடுத்து வரச் சொல்லுங்கள். திறக்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் குழு எந்த மட்டத்தில் இருக்கப் போகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளைச்சல் நம்முடையது, உழைப்பு நம்முடையது. அதை விற்கும் கடையில் மடையைத் திறக்கும் முடிவும் நம்மிடமே இருக்கட்டும்.